பூட்ஸுக்குள் போன மாத்திரை டப்பா

சர்க்கரை வியாதியைக் கவனிக்காமல் விட்டால் கண் போகும், கால் போகும், கிட்னி போகும் என்று எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மானம் போகும் என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு முதலில் போனது அதுதான். கண்ணும் காலும் கிட்னியும் கடவுள் புண்ணியத்தில் (நஸ்ரீன் டாக்டர் புண்ணியத்தில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்) இன்னும் என்னிடமே இருக்கின்றன.

திவ்யா, சூர்யா, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் அம்மா இந்தக் கதையை ஜோலார்பேட்டையில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரைக்கும் பரப்பிவிட்டாள். அவள் சொல்லும் கதையில் நான் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். நான் ஒளியவில்லை. குனிந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் அப்பா பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திவ்யா திருத்தட்டும். கதையில் யாரும் கை வைக்க வேண்டாம்.

நான் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் செக்கர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்பது தெரியாது. (சூர்யா ஸ்கூலில் “எங்க அப்பா பொட்டி மூடுவாரு” என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் என்னைப் பார்த்தபோது மிகவும் வருத்தத்தோடு பேசினார்.) தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற பூட்ஸுக்குள் காகிதம் அடைக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போட வேண்டும். மெல்லிய தாள் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளைப் பெரிய அட்டைப் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டினால், அது கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்விடும். டேப் ஒட்டும் முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் செக்கர். அதாவது நான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்வி, “செக்கர் நீதானே?” என்பதுதான்.

எங்கள் பேக்கிங் செக்ஷனில் ஒரு சட்டம் உண்டு. சொந்தப் பொருள் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. பேனா கூடாது, ஹேர்பின் கூடாது, மோதிரம் கூடாது. நாங்கள் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டில் பாக்கெட்டே வைத்துத் தைக்க மாட்டார்கள். பாக்கெட் இருந்தால் அதில் ஏதாவது இருக்கும், இருந்தால் விழும், விழுந்தால் பெட்டிக்குள் போகும் என்று கணக்கு. ஒரு முறை யாரோ ஒரு பெண்ணின் தோடு பெட்டியோடு ஜெர்மனி போய்விட்டது. அதற்காக அங்கிருந்து வந்த திட்டை மொழிபெயர்க்கவே ஆள் வைக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நஸ்ரீன் டாக்டர் வந்து சேர்ந்தார். மேல்விஷாரத்துப் பெண். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறவர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் நமக்கெல்லாம் சிரிப்பு வரும். மாத்திரை கையில் இருந்தும் ஜனங்கள் ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்? இதுதான் ஆராய்ச்சி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் புதிய மருந்து கண்டுபிடிக்க வரவில்லை அவர். இருக்கிற மருந்து டப்பாவிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் எங்கே நின்றுவிடுகிறது என்று கண்டுபிடிக்க வந்தார்.

அந்த வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று அவருக்குப் போகப் போகத் தெரிந்தது. கட்டிங் செக்ஷன் முருகேசன் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் மாத்திரை போடுவான். (“டாக்டர் மனசு நோகக் கூடாது பாரு” என்பான்.) ஸ்டிச்சிங்கில் இருக்கும் லட்சுமி அக்கா தன் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்து வந்தார். ஒரே குடும்பம், ஒரே பிரஷர் என்று நினைப்பு. அந்த அக்கா ஒரு நாள் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன்? உடம்பு நன்றாக இருக்கிறதே, நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டேன். மாத்திரை போட்டதால்தான் நன்றாக இருந்தது என்கிற விஷயம் என் மூளைக்கு வந்து சேரவில்லை.

நஸ்ரீன் டாக்டர் யாரையும் திட்ட மாட்டார். “அண்ணா, ஏன் போடலனு தான் கேக்கறேன். போடலனு சண்டை போட வரல” என்பார். அதனாலேயே எல்லாரும் அவரிடம் உண்மையைச் சொன்னார்கள். முதலுதவி அறைக்குப் பக்கத்தில் ஸ்டோர் ரூமாக இருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். அந்த அறை வந்த பிறகுதான் எங்களுக்கு லீவு போட்டு வேலூர் பஸ் ஏறாமல் ரத்தம் எடுக்கவும் பிரஷர் பார்க்கவும் முடிந்தது. லட்சுமி அக்கா திரும்ப மிஷினுக்கு வந்து உட்கார்ந்ததே அந்த அறையால்தான்.

ஆனால் அந்த அறை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மேனேஜர் இக்பால் பாய் அனுமதி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். “இந்த ஜெர்மன் ஆர்டர் போற வரைக்கும் பாக்கறேன் டாக்டரம்மா. உங்களால வேலை கெட்டுதுனு ஒரு பேச்சு வந்துதுனா, அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிடணும்.” பாய் சொன்னால் சொன்னதுதான். அவர் நடந்து வந்தால் தையல் மிஷின்கள் தானாகவே வேகம் எடுக்கும்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு டாக்டர் ஒரு வெள்ளை டப்பா கொடுத்தார். டப்பா சாதாரணம்தான். மூடிதான் விசேஷம். எலுமிச்சம்பழம் அளவுக்குத் தடிமனாக இருக்கும். இடது பக்கம் திருகித் திறந்தால், எப்போது திறந்தோம் என்று உள்ளே இருக்கிற சில்லு ஞாபகம் வைத்துக்கொள்ளும். மாத்திரை நேரம் வந்தும் திறக்கவில்லை என்றால் “கீக், கீக், கீக்” என்று கத்தும். கொஞ்சம் ஓய்வெடுக்கும். மறுபடியும் கத்தும். அப்போதும் திறக்கவில்லை என்றால் டாக்டர் ஃபோனுக்கு மெசேஜ் போய்விடும். சுருக்கமாகச் சொன்னால் உங்கள் அம்மாவை மடித்து டப்பாவில் போட்ட மாதிரி.

அந்த டப்பா வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது செல்ஃபோன் வாங்கியவன் மாதிரி எல்லாரிடமும் காட்டினேன். மாத்திரை நேரத்துக்கு முன்னாலேயே அதன் முன் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பேன். கத்தியதும் முதல் கீக்கிலேயே திறந்துவிட்டால் ஏதோ பரிசு வாங்கியது போல ஒரு சந்தோஷம். உங்கள் அம்மா, “நான் நாலு தடவ கூப்டா காது கேக்காது. அது ஒரு தடவ கத்துனா ஓடறீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாள் ஜெர்மன் ஆர்டரின் கடைசி இன்ஸ்பெக்ஷன் நாள். வாங்குகிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஜேம்ஸ் சார் வருவார். பெட்டிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாயங்காலம் கன்டெய்னர் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். மெலிந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். பூட்ஸைத் தூக்கி, கட்டை விரலால் தையலைத் தடவி, “ம்” என்பார். அந்த “ம்”முக்குப் பயந்து எங்கள் சூப்பர்வைசர் மோகன் காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு பெல் அடித்தது. நான் லாக்கருக்குப் போய் டப்பாவை எடுத்தேன். சாப்பிட்ட கையோடு மாத்திரை போட வேண்டும் அல்லவா. கேன்டீன் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தேன்.

“யோவ் ஏழுமல! ஜேம்ஸ் சார் வந்துட்டாருய்யா! எல்லாரும் எடத்துக்கு வாங்க, சோறு அப்பறம் துன்னலாம்!” என்று மோகன் கத்தினான்.

ஓடினேன். கையில் டப்பா. கோட்டில் பாக்கெட் இல்லை. லாக்கருக்குத் திரும்பிப் போக நேரமில்லை. வாசலில் ஜேம்ஸ் சாரும் இக்பால் பாயும் வந்துகொண்டிருக்கிறார்கள். மேசை மேல் வைத்தால் செத்தேன். மேசையில் காகிதம் அடைத்து முடித்த ஒரு பூட்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கணுக்காலுக்கு மேல் வரும் உயரமான லேடீஸ் பூட்ஸ். அதன் கழுத்துக்குள் டப்பாவைச் சொருகினேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். எதையும் ஒழுங்காகச் செய்து பழகிய கை பாருங்கள், மேலே ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து அழகாக மூடியும் விட்டேன். (அத்தனை வருஷத்தில் நான் அடைத்த பூட்ஸிலேயே நேர்த்தியானது அதுதான்.)

ஒரு நிமிஷத்துக்குத்தான். சார் அந்தப் பக்கம் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

“ஏழுமல, சாம்பிள் ரூமுக்குப் போயி, சீல் வெச்ச சாம்பிள எடுத்துனு வா. ஓடு ஓடு!” என்றான் மோகன்.

சாம்பிள் ரூம் அடுத்த கட்டடத்தில். போய்விட்டு வந்தேன். என் மேசை சுத்தமாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பூட்ஸைக் காணோம். மற்ற நாளில் ஒரு பெட்டியை மூட மூன்று ஊர்க்கதை பேசுகிற எங்கள் பேக்கிங் பெண்கள், இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தால் காற்றாய்ப் பறப்பார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் குமாரி. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“குமாரி, இங்க ஒரு பூட்ஸ் வெச்சிருந்தேனே?”

“இங்க பூட்ஸ் தாண்ணா வெப்பாங்க. வேற இன்னா, இட்லியா வெப்பாங்க?”

“அது இல்லமா. இந்த ஓரத்துல, ஜோடியா.”

“அத தான் தாள் சுத்திப் பொட்டில போட்டு அனுப்பிட்டேனே. சார் பாத்துனு இருக்காரு.”

“செக் பண்ணாம எப்பிடி அனுப்புன?”

“செக்கர் நீங்க தானணா? நீங்களே காயிதம் வெச்சு அழகா மூடி வெச்சிருந்தீங்க. நீங்க பாத்தது தான்னு அனுப்பிட்டேன். வேல செய்யலனாலும் திட்றீங்க, செஞ்சாலும் திட்றீங்க. இன்னாணா நீங்க?”

எனக்கு வியர்த்தது. சர்க்கரை இறங்கியதாலா பயத்தாலா என்று இன்று வரை டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. “எந்தப் பெட்டி?” என்று கேட்டேன். குமாரி கிடங்குப் பக்கம் கையை நீட்டினாள். அங்கே டேப் ஒட்டிய அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொடுகிற மாதிரி, வரிசை வரிசையாக, ஒன்றைப் போல ஒன்று. ஜேம்ஸ் சார் அவற்றின் நடுவில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் இக்பால் பாய். அவருக்குப் பின்னால் மோகன், கல்யாண வீட்டில் சம்பந்திக்குப் பின்னால் நடப்பவன் மாதிரி.

கீக், கீக், கீக்.

ஜேம்ஸ் சார் நின்றார். “ம்?” என்றார்.

“எலி சார்” என்றான் மோகன், யோசிக்காமல். எலி இருக்கிறது என்பது தோல் கிடங்கில் சொல்லக் கூடாத பதில் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. “இல்ல சார், எலி இல்ல சார். நம்ம கம்பெனில எலியே கெடயாது சார். வெளிய ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கறான்.”

கீக், கீக், கீக்.

“வண்டி பெட்டிக்குள்ளயா ரிவர்ஸ் எடுக்குது?” என்றார் ஜேம்ஸ் சார்.

அப்போதுதான் செக்யூரிட்டி வேலாயுதம் முன்னால் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷமும் எங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து அலுத்துப்போனவர். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மீசை நிமிர்ந்தது.

“சார், இது டைமர் சத்தம் சார். எல்லாரும் வெளிய போங்க!”

விசிலை ஊதினார் பாருங்கள், இத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் அதில் வந்தது. கம்பெனியே வெளியே ஓடியது. தீ விபத்துப் பயிற்சியில் எங்களை எந்த மரத்தடியில் நிற்கச் சொல்லிக் கொடுத்தார்களோ, அங்கே போய் நின்றோம். கட்டிங் செக்ஷன்காரர்கள் மட்டும் ஓடும்போதே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முருகேசன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். “வெடிச்சா வெடிக்கட்டும், பசியோட எதுக்குச் சாவணும்?” என்றான்.

வேலாயுதம் போலீஸுக்கு ஃபோன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி கொண்டு வராததால் தேடிக்கொண்டே இருந்தார். அது ஒன்றுதான் அன்றைக்குக் கடவுள் எனக்குச் செய்த உதவி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். இக்பால் பாயின் முகத்தைப் பார்த்தேன். அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இப்படி முன்னும் பின்னுமாக நான் ஆடிக்கொண்டிருந்தபோது, கையில் ஃபோனோடு நஸ்ரீன் டாக்டர் ஓடி வந்தார். அவருக்குக் குண்டும் தெரியாது, விசிலும் தெரியாது. மெசேஜ் மட்டும் வந்திருக்கிறது.

“ஏழுமலை அண்ணா! இன்னா ஆச்சு, மாத்திரை போடலியா? உங்க டப்பா தொறக்கவே இல்லனு காட்டுதே!”

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகேசன் கூட வாயில் வைத்த கவளத்தோடு திரும்பினான்.

“சார்,” என்றேன். “அது குண்டு இல்ல சார். என் சர்க்கரை மாத்திரை.”

“சர்க்கரை மாத்திரை கத்துமாயா?” என்றார் பாய்.

“போடலனா கத்தும் சார்.”

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸுக்குள் சொருகியதை, காகிதம் வைத்து மூடியதை, சாம்பிள் ரூமுக்கு ஓடியதை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பாய் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. ஜேம்ஸ் சார் மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“பாய், மருந்து உள்ள போன சரக்குக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. எந்தப் பெட்டினு தெரிஞ்சா அதை மட்டும் பிரிச்சுப் பாத்துக்கலாம். தெரியலனா எல்லாத்தையும் பிரிக்கணும். பிரிச்சா திரும்ப மொதல்லருந்து இன்ஸ்பெக்ஷன். இன்னைக்குக் கன்டெய்னர் போகாது.”

இக்பால் பாய் என்னைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. நேராக டாக்டரிடம் திரும்பினார்.

“கேட்டீங்களா டாக்டரம்மா? கத்தற டப்பா, பேசற டப்பானு பேஜாரு புடிச்சுதுங்கள எவன் கேட்டான்? மாத்திரைய போடறவன் போடுவான், போடாதவன் போட மாட்டான். இதுக்கு ஒரு ஆராய்ச்சி. லாரி கெளம்பறதுக்குள்ள அந்தப் பொட்டி கெடைக்கலனா, ரூம் சாவிய வேலாயுதத்துகிட்ட குடுத்துட்டு நீங்களும் கெளம்பிடுங்க. ஒருத்தன் கைலயும் அந்த டப்பா இருக்கக் கூடாது.”

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாயையே ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பின்னால் லட்சுமி அக்கா, “அய்யோ, ரூம் போச்சா?” என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. என்னைச் செருப்பால் அடித்திருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது. (ஷூ கம்பெனியில் அதற்கு வசதியும் உண்டு.)

“எல்லாரும் கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு, டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கிடங்குக்குள் போனார்.

பிள்ளைகளே, அந்தக் காட்சியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கிடங்கில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டோம். மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான். படித்த டாக்டர் ஒருவர், முழங்காலில் உட்கார்ந்து, அட்டைப் பெட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக் கேட்கிறார். அடுத்த பெட்டி. அடுத்த பெட்டி. கீக் என்று கேட்கும்போதெல்லாம் எந்தத் திசை என்று கையைக் காட்டுவார், அந்தப் பக்கம் நாங்கள் கும்பலாக நகர்வோம். நான் என்ன செய்தேன்? ஸ்டெதாஸ்கோப் இல்லாததால் வெறும் காதை வைத்தேன். அடி வரிசைப் பெட்டிக்குக் காது வைக்க வேண்டுமானால் குனியத்தான் வேண்டும். உங்கள் அம்மா ஒளிந்தேன் என்று சொல்வது இதைத்தான்.

என்னைப் பார்த்து குமாரி காது வைத்தாள். குமாரியைப் பார்த்துப் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிக்கொண்டார்கள். வேலாயுதம் இரண்டு காதையும் மாற்றி மாற்றி வைத்தார். வழி தவறி உள்ளே வந்த லாரி டிரைவர், ஒரு கம்பெனியே பெட்டிகளைத் தழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். ஏதோ பூஜை என்று நினைத்துவிட்டான்.

ஒரு பெட்டியில் டாக்டர் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். அப்புறம் பழக்க தோஷத்தில், “மூச்ச நல்லா இழுத்து விடுங்க” என்றார்.

மோகன் இழுத்து விட்டான்.

“பெட்டிய சொன்னேன்” என்றார் டாக்டர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நிலைமையை நினைத்து அடக்கிக்கொண்டார்.

இன்னொரு பெட்டியில், “ஒரு சத்தம் வருது, ஆனா கீக் மாதிரி இல்ல. கடகடனு வருது” என்றார். எல்லாரும் கிட்டே போனோம். அது பெட்டிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்ற என் வயிறு. சாப்பிடவில்லை அல்லவா.

கீக், கீக், கீக்.

டாக்டர் கை சட்டென்று நின்றது. “இங்க! இதுதான்!” நடு வரிசை, இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. வேலாயுதம் காது வைத்து, “கன்ஃபர்ம்டு” என்றார். ஜேம்ஸ் சார் தலையசைத்தார். டேப்பைக் கிழித்தோம். உள்ளே இருந்த சின்னப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் காது வைத்து, இது இல்லை, இது இல்லை என்று ஒதுக்கினார். கடைசிக்கு முந்தின பெட்டி அவர் கையிலேயே கத்தியது. மூடியைத் திறந்தேன். தாளைப் பிரித்தேன். பூட்ஸின் கழுத்தில் நான் வைத்த காகிதம் கலையாமல் அப்படியே இருந்தது.

“பேக்கிங் நல்லா இருக்கு” என்றார் ஜேம்ஸ் சார். என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

டப்பாவைத் திறந்தேன். சத்தம் நின்றது. கிடங்கே கை தட்டியது. லாரி டிரைவர் பிரசாதம் வாங்குகிற மாதிரி கையை நீட்டினான். டாக்டர் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து, “மொதல்ல ஏதாவது சாப்டுங்க அண்ணா, அப்பறம் மாத்திரை” என்றார். அவருடைய கண்ணில் தண்ணீர். அறை தப்பித்தது என்று எனக்கும் நெஞ்சு லேசானது.

கீக், கீக், கீக்.

நான் டப்பாவைப் பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது. வாயில் பிஸ்கட்டோடு எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

“அண்ணா,” என்றாள் குமாரி, “இன்னொரு டப்பாவ எந்த பூட்ஸ்ல வெச்சீங்க?”

“சத்தியமா இல்லமா! ஒண்ணு தான்!”

கீக், கீக், கீக். இந்த முறை சத்தம் பெட்டிகளிலிருந்து வரவில்லை. மனிதர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து வந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்தே எடுத்துவிட்டார். அவருக்குத் தேட வேண்டிய அவசியமில்லை, தெரியும். ஆனால் ஆராய்ச்சியில் சேர்ந்த ஒருவருடைய பெயரை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். (நான் டப்பாவை எல்லாரிடமும் காட்டியவன், என் கதை வேறு.) அத்தனை திட்டு வாங்கியபோதும் அந்தச் சட்டத்தை அவர் மீறவில்லை.

இக்பால் பாயின் கை அவருடைய பேன்ட் பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அது என் ஃபோன்” என்றார் பாய்.

“ஃபோன் உங்க கைல இருக்கே பாய்” என்றார் ஜேம்ஸ் சார்.

கீக், கீக், கீக் என்றது பாக்கெட்.

பாய் மெதுவாகக் கையை உள்ளே விட்டார். அதே வெள்ளை டப்பா. அதே எலுமிச்சம்பழ மூடி. எங்கள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, தொழுதுவிட்டு வந்து சாப்பிடுகிறவர் அவர். அதனால் அவருடைய மணி தாமதமாக அடிக்கும். கத்துவதற்கு முன்பே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்துவிடுவது வழக்கமாம். அன்றைக்கு நான் செய்த கூத்தில் அவரால் அறைக்கே போக முடியவில்லை.

“பிரஷரு” என்றார் பாய், யாரையும் பார்க்காமல். “வீட்ல கூட சொல்லல. மேனேஜருக்கு பிரஷர்னு தெரிஞ்சா எவன் பயப்படுவான்?”

லட்சுமி அக்காதான் பேசினார்.

“பாய், உங்களுக்கு பிரஷர் இல்லனாதான் நாங்க ஆச்சரியப்படணும். ஊருக்கே குடுக்கறவருகிட்ட ஸ்டாக் இல்லாமயா போவும்?”

முதலில் சிரித்தது ஜேம்ஸ் சார். “ம்” என்று மட்டுமே கேட்டிருந்த தொண்டையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் கிடங்கு மொத்தமும் சிரித்தது. கடைசியில் பாயும் சிரித்தார். குமாரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “பிஸ்மில்லா” என்று சொல்லி, எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்கினார்.

“டாக்டரம்மா,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “ரூம் ரொம்ப சின்னதா இருக்கு. காத்து வரல. பக்கத்து ரூமையும் சேத்து எடுத்துக்குங்க.”

நஸ்ரீன் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? “தேங்க்ஸ் பாய். ஜனங்க மாத்திரை போடாததுக்கு ஏழெட்டு காரணம் எழுதி வெச்சிருந்தேன். யாரும் பாத்துடக் கூடாதுனு ஒளிச்சு வெக்கறது அதுல இல்ல. இன்னைக்கு ஒரே நாள்ல ரெண்டு பேரு சொல்லிக் குடுத்துட்டீங்க.” பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேனேஜரோடு நான் சமமாக நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

பிரித்த பெட்டியைத் திரும்ப அடுக்கி, ஜேம்ஸ் சார் தானே பக்கத்தில் நின்று டேப் ஒட்ட வைத்தார். கையெழுத்துப் போட்டார். லாரி போனது. அன்றிலிருந்து பேக்கிங் ஹாலுக்கு வெளியே ஒரு மர அடுக்கு. கூச்சப்படாதவர்கள் டப்பாவை அதில் வைக்கலாம். சாப்பாடு முடிந்ததும் அந்த அடுக்கே ஒன்றாகக் கத்தும், தவளைக் கூட்டம் மாதிரி. முதல் தட்டில் பாயுடைய டப்பா. குமாரி மட்டும் இன்னும் ஒவ்வொரு பெட்டிக்கும் டேப் ஒட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டே அதில் காதை வைத்து, “ஒண்ணும் கத்தல, அனுப்பலாமாணா?” என்று கேட்கிறாள். இன்னும் எத்தனை வருஷம் கேட்பாளோ.

நான் வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டது. வாசலில் உங்கள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். “குண்டு வெச்சவரு வந்துட்டாரு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சோறு போடும்போது மட்டும், “சாப்டாம மாத்திரையும் போடாம இவ்ளோ நேரமா?” என்று கேட்டு, என் கையை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். முடியவில்லையே. இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தினால் யாருக்காவது பயம் இருக்கிறதா? “டேய், அப்பா கத்தறாரு பாரு. யாராவது மூடியத் தொறந்து வுடுங்கடா” என்கிறாள் உங்கள் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை செருப்புகளை வாசலில் தாறுமாறாக விட்டதற்காக நியாயமாகத்தான் கத்திக்கொண்டிருந்தேன். சூர்யா, நீ வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் திருகினாய். திவ்யா தண்ணீர் டம்ளரோடு நின்றாள்.

நான் என்ன செய்வது? நின்றுவிட்டேன்.